கயிறா, ஸ்பிரிங்கா, முழு செட்டா? இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சினில் எதை மாற்றுவது

பவர் வீடர், பிரஷ் கட்டர், மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர், தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் பம்ப், கடை வாசலில் நிற்கும் சின்ன ஜெனரேட்டர் என எதுவாக இருந்தாலும், இழுப்புக் கயிறு அறுந்து கையோடு வந்துவிட்டால் உதிரிபாகக் கடையில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "செட்டையே மாத்திடுங்க." கயிறு, ஸ்பிரிங், புல்லி எல்லாம் மூடியோடு சேர்ந்து வரும் ஸ்டார்ட்டர்தான் இந்த செட். கடைக்காரருக்கு அது சுலபம். மூன்று போல்ட்டைக் கழற்றி மூன்று போல்ட்டை மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் போனது கயிறு மட்டும் என்றால், நல்ல நிலையில் இருக்கும் ஒரிஜினல் ஸ்பிரிங்கையும், கயிறு சுற்றியிருக்கும் சக்கரமான புல்லியையும் குப்பையில் போட்டுவிட்டு, அவற்றைவிட மட்டமான ஒன்றைக் காசு கொடுத்து மாட்டுகிறோம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. விளிம்பு வளைந்த பிளாஸ்டிக் புல்லியை அப்படியே விட்டுவிட்டு, அடுத்தடுத்துக் கயிறு மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது.

எதை மாற்றுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது விலை அல்ல, எது போனது, ஏன் போனது என்பதுதான்.

ஸ்டார்ட்டர் மேல்தான் தப்பா?

கயிறு இறுகிப்போய் இழுக்க வரவில்லை என்றால் ஸ்டார்ட்டரைப் பிரிக்காதீர்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். இப்போது கயிறு சுலபமாக வந்தால் ஸ்டார்ட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. சிலிண்டருக்குள் பெட்ரோலோ ஆயிலோ நிறைந்து பிஸ்டனை அடைத்திருக்கலாம். பெட்ரோல் குழாயை மூடாமல் இரவு முழுக்க விட்டு, கார்புரேட்டர் மிதவை ஊசியும் கசிந்தால் இப்படி ஆகும். போர் ஸ்ட்ரோக் எஞ்சினைத் தவறான பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தால் ஆயில் ஏறும். பிளக் இல்லாமல் மெதுவாகச் சில முறை இழுத்தால் ஓட்டை வழியாகப் பீய்ச்சி வெளியே வந்துவிடும். அப்போது பிளக் வயரை எஞ்சினிலிருந்து தள்ளி வையுங்கள், பக்கத்தில் பீடி நெருப்புகூட இருக்கக் கூடாது. பெட்ரோல்தான் வந்தது என்றால் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலையும் மாற்றித்தான் ஓட்ட வேண்டும்.

பிளக் கழற்றியும் கயிறு அசையவில்லையா? ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி, எஞ்சின் அச்சில் இருக்கும் கனத்த சக்கரமான பிளைவீலைக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் கோளாறு ஸ்டார்ட்டரில். சுற்றவில்லை என்றால் கோளாறு எஞ்சினுக்குள், ஸ்டார்ட்டருக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

இழுக்கும்போது கயிறு வெடுக்கென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறதா? பிளைவீலை அச்சோடு பூட்டும் சின்ன உலோகத் துண்டான பிளைவீல் சாவி வெட்டுப்பட்டு நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். களை எடுக்கும்போது கல்லில் மோதி எஞ்சின் திடீரென நின்ற வண்டிகளில் இதைப் பார்க்கலாம். நெருப்பு நேரம் தவறி விழுவதால், பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடித்துப் பின்பக்கம் உதைக்கிறது. இந்த உதையில் கயிறு அறும், புல்லி உடையும், சமயத்தில் விரலும் பிசகும். சாவியை மாற்றாமல் புது செட் மாட்டினால் அதுவும் சீக்கிரமே உடையும்.

இன்னொன்று. ஒரு முறை ஸ்டார்ட் ஆவதற்கு இருபது இழுப்பு தேவைப்படும் எஞ்சினில் எந்தக் கயிறும் நிலைக்காது. அங்கே போனது கார்புரேட்டரோ பிளக்கோதான், கயிறு அதற்குப் பலி.

அறுந்த இடத்தைப் பாருங்கள்

பழைய கயிற்றைத் தூக்கி எறியும் முன் அறுந்த முனையைப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

கைப்பிடியிலிருந்து ஐந்து, பத்து சென்டிமீட்டருக்குள் நைந்து அறுந்திருந்தால், கயிறு வெளியே வரும் வாய்தான் காரணம். அந்த வளையத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். ஒரு பக்கம் பள்ளம் விழுந்து விளிம்பு கூராக இருக்கும். எப்போதும் ஒரே பக்கம் சாய்த்து இழுப்பதால் வருவது இது. வளையம் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், முடியாவிட்டால் நைசான உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேயுங்கள். இதைச் செய்யாமல் புதுக் கயிறு போட்டால் அதே இடத்தில் அறும்.

புல்லிக்குள் இருக்கும் முடிச்சருகே அறுந்திருந்தால், கயிற்றைக் கடைசி வரை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம். கயிறு முழுதும் வெளியே வரும் முன் கை நின்றுவிட வேண்டும்.

நடுவில் நசுங்கி, தட்டையாகி, பிய்ந்திருந்தால் கவனம் தேவை. கயிறு புல்லிக்கும் மூடிக்கும் நடுவே விழுந்து சிக்கியிருக்கிறது. புல்லியின் விளிம்பு வளைந்திருக்கிறது, அல்லது அளவு தப்பிய கயிறு போட்டிருக்கிறார்கள். இங்கே கயிறு மட்டும் மாற்றுவது தீர்வாகாது.

கயிறு முழுக்க வெளிறி, விறைத்து, தொட்டால் தூசியாக உதிர்ந்தால் அது வெயில் செய்த வேலை. வயல் வரப்பில் நாள் முழுக்கக் கிடக்கும் மெஷினில் நைலான் இப்படித்தான் போகும். கயிறு மாற்றினால் போதும்.

கயிறு மட்டும்

செலவு மிகக் குறைவு, கை பழகியவருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஸ்பிரிங் இழுவிசை நன்றாக இருந்து, புல்லியைக் கையால் சுற்றிவிட்டால் துள்ளித் திரும்பினால், வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

கயிற்றின் தடிமன் முக்கியம். 25 முதல் 50 சிசி வரையிலான டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் செயின்சா போன்றவற்றுக்கு 3 முதல் 3.5 மி.மீ. ஹோண்டா ஜிஎக்ஸ்160, ஜிஎக்ஸ்200 வகைக்கும் அவற்றைப் பார்த்துச் செய்த 168எஃப் போன்ற சீன எஞ்சின்களுக்கும் சுமார் 4.5 முதல் 5 மி.மீ. அதைவிடப் பெரிய எஞ்சின்களுக்கு 5.5 அல்லது 6 மி.மீ. "தடியா இருந்தா அறாது" என்று ஒரு அளவு தடித்த கயிறாகப் போட்டால், புல்லி நிரம்பி வழிந்து மூடியில் உரசும், கயிறு பாதியில் நின்றுவிடும். மெல்லியதாகப் போட்டால் புல்லியின் ஓரத்தில் இறங்கிச் சிக்கும்.

எந்தக் கயிறு? ஸ்டார்ட்டருக்கென்றே விற்கும், உள்ளே நூல்கற்றையும் வெளியே இறுக்கமான பின்னலும் உள்ள நைலான் கயிறு. துணி காயப்போடும் பளபளப்பான பிளாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். உரசல் சூட்டில் இளகும், முடிச்சு நழுவும். பருத்திக் கயிறு ஆயிலைக் குடித்து ஊதிப்போகும்.

நீளத்துக்குப் பழைய துண்டுகளைச் சேர்த்து அளந்து, இரண்டு முடிச்சுக்குமாக 10 முதல் 15 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். பழைய கயிறு கிடைக்கவில்லை என்றால், முழுக்கச் சுற்றியபின் கயிறு புல்லி விளிம்பைத் தாண்டக் கூடாது என்பது மேல் எல்லை.

மாற்றும் முறை இது. மூடியைக் கழற்றுங்கள். ஜிஎக்ஸ் வகையில் மூன்று 6 மி.மீ. போல்ட், 10 நம்பர் ஸ்பேனர். பிரஷ் கட்டரில் பெரும்பாலும் 5 மி.மீ. ஆலன் போல்ட், 4 நம்பர் ஆலன் கீ. உள்ளே இருப்பதைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பழைய கயிறு மிச்சத்தை நீக்கிவிட்டு, கயிறு இழுக்கும்போது புல்லி எந்தப் பக்கம் சுழலுமோ அதே பக்கம் கையால் சுழற்றுங்கள். ஸ்பிரிங் முழுக்க இறுகி நின்றுவிடும். அங்கிருந்து அரை முதல் ஒரு சுற்று வரை பின்னால் விட்டு, புல்லியின் ஓட்டையும் மூடியின் வாயும் நேராக வரும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையிலேயே புல்லியை வைஸ் கிரிப் பிளையரால் கவ்வி வையுங்கள். கயிற்றின் முனையைத் தீக்குச்சியால் சுட்டு, ஈரத்துணியால் உருட்டிக் கூராக்கினால் ஓட்டையில் சிரமமில்லாமல் நுழையும். புல்லிப் பக்கம் எட்டு வடிவ முடிச்சு போட்டு, முடிச்சு அதற்கான குழிக்குள் முழுக்க அமர்ந்துவிட்டதா என்று பாருங்கள். மேலே துருத்திக்கொண்டிருந்தால் மூடியில் உரசும். மறுமுனையில் கைப்பிடியைக் கோத்து முடிச்சிட்டபின், பிளையரைத் தளர்த்தி, கயிற்றைக் கையில் பிடித்தபடியே மெதுவாக உள்ளே விடுங்கள். படாரென்று விட்டால் கைப்பிடி மூடியில் அடித்து இரண்டில் ஒன்று உடையும்.

அந்த அரைச் சுற்றை ஏன் பின்னால் விட வேண்டும்? கயிறு முழுதும் வெளியே வந்த நிலையில் ஸ்பிரிங்குக்கு இன்னும் சிறிது இடம் மிச்சமிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முழு இழுப்பிலும் கயிற்றுக்குப் பதில் ஸ்பிரிங் கொக்கி இழுபடும். புதுக் கயிறு போட்ட சில நாளில் ஸ்பிரிங் போவதற்கு இதுதான் வழக்கமான காரணம். கயிறு மாட்டி முடித்ததும், மூடியை எஞ்சினில் பொருத்தும் முன், கயிற்றை முழுக்க இழுத்துப் பிடித்து, உள்ளே புல்லியைக் கையால் இன்னும் அரைச் சுற்று சுழற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடிய வேண்டும்.

ஸ்பிரிங்

கயிறு வெளியே வருகிறது, உள்ளே போகவில்லை என்றால் உடனே ஸ்பிரிங் ஆர்டர் செய்துவிடாதீர்கள். பாதி வரை போய் நின்றால் ஸ்பிரிங் பெரும்பாலும் முழுசாகத்தான் இருக்கும். கயிறு கோக்கும் முன் ஸ்பிரிங்கை இறுக்கிய சுற்று குறைவாக இருக்கலாம், நடு ஸ்க்ரூவை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம், உள்ளே மண்ணும் புல்தூளும் கிரீஸோடு சேர்ந்து களியாகியிருக்கலாம். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து மாட்டினால் சரியாகிவிடும்.

புல்லி எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுழன்றால் மட்டுமே ஸ்பிரிங் போய்விட்டது. அப்போதும் இரண்டு நிலை உண்டு. முனைக் கொக்கி நிமிர்ந்து விலகியிருந்தால், மூக்குப் பிளையரால் மறுபடி வளைத்து மாட்டலாம். இது தற்காலிகம்தான். ஒருமுறை நிமிர்ந்த ஸ்பிரிங் எஃகு அடுத்த முறை ஒடியும், வேலை மும்முரத்தில் ஒரு வாரம் ஓட்டுவதற்கு அது போதும். ஸ்பிரிங்கே ஒடிந்திருந்தால் புதியதுதான்.

தனி ஸ்பிரிங் வாங்குவதில் உள்ள சிக்கல், அகலமும் சுற்றுத் திசையும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். பிளாஸ்டிக் டப்பியோடு வரும் ஸ்பிரிங் கிடைத்தால் அதையே வாங்குங்கள், அப்படியே உள்ளே அமரும். கம்பி வளையத்தில் கட்டி வரும் ஸ்பிரிங் என்றால், வளையத்தோடு குழியின் மேல் வைத்து அழுத்தினால் ஸ்பிரிங் கீழே இறங்கி, வளையம் மேலே தங்கிவிடும். வளையத்தை முதலில் வெட்டுகிறவர்களுக்குத்தான் ஸ்பிரிங் முகத்தில் பாயும். கண்ணாடி, தடித்த கையுறை இரண்டும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். அவிழும் ஸ்பிரிங்கின் ஓரம் சவரக்கத்திக்குக் குறைந்ததல்ல.

கிரீஸ் விரல் நுனி அளவு, மெல்லிய பூச்சாக, ஸ்பிரிங்குக்கும் நடு அச்சுக்கும் மட்டும். இழுக்கும்போது வெளியே விரிந்து எஞ்சினைப் பிடித்துச் சுற்றும் ராட்செட் நாக்குகளில் ஆயில் ஊற்றினால் தூசி ஒட்டி அவை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும்.

ராட்செட்டும் புல்லியும்

கயிறு வருகிறது, போகிறது, எஞ்சின் மட்டும் சுற்றவில்லை. இந்த நிலையில் கயிற்றிலும் ஸ்பிரிங்கிலும் கோளாறில்லை. புல்லியிலிருந்து வெளியே விரிந்து, பிளைவீலில் மாட்டியிருக்கும் கிண்ணம் போன்ற கப்பைப் பிடிக்க வேண்டிய நாக்கு தேய்ந்திருக்கும், அதைத் தள்ளும் சின்னக் கம்பி விலகியிருக்கும், அல்லது கப்பே கீறல் விட்டிருக்கும். கம்பிதான் பிரச்சினை என்றால் செலவே இல்லை. நாக்கும் சில வகைகளில் தனியாகக் கிடைக்கும். பிளாஸ்டிக் புல்லியின் விளிம்பு வளைந்து, நாக்கு அமரும் குழியும் தேய்ந்திருந்தால் அங்கே கஞ்சத்தனம் காட்டாமல் அடுத்த தேர்வுக்குப் போய்விடலாம்.

முழு செட்

மூடி உடைந்தால், ஸ்பிரிங் மாட்டும் குழி பிய்ந்தால், நடு ஸ்க்ரூவின் மரை போனால், அல்லது கயிறு, ஸ்பிரிங், புல்லி மூன்றில் இரண்டு போனால் முழு செட்டே சிக்கனம். நாள் வாடகைக்கு மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. செட்டை மாட்டி வேலையை முடித்துவிட்டு, பழையதை ஓய்வாகப் பழுது பார்த்து அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்து எங்கள் தீர்ப்பு மாறுகிறது. 43 சிசி, 52 சிசி சீன வகை பிரஷ் கட்டர்களுக்கு முழு செட் மலிவாகவும் பரவலாகவும் கிடைக்கிறது. அதன் ஸ்பிரிங்கையும் புல்லியையும் தனித்தனியாகத் தேடி அலைவது நேர விரயம். ஒரிஜினல் ஜிஎக்ஸ் எஞ்சினில் நேர் எதிர். அந்த மூடியும் ஸ்பிரிங்கும் வெளிச்சந்தை செட்டைவிடப் பல மடங்கு உழைக்கும், உள்ளதைக் காப்பாற்றிப் பாகம் மட்டும் மாற்றுங்கள். செயின்சாவிலும் அப்படியே. 186எஃப் போன்ற டீசல் வீடரில் எதை மாற்றினாலும், சிலிண்டர் அழுத்தத்தைக் குறைக்கும் டிகம்ப்ரஷன் லீவரை அழுத்தாமல் இழுக்கும் பழக்கம் மாறாவிட்டால் பலனில்லை. மானியத்தில் வாங்கிய புது வீடர் என்றால், வாரண்டி இருக்கும்வரை நீங்களாகத் திறக்க வேண்டாம்.

செட் வாங்கும்போது ஏமாறும் இடம் கப். மூடி அளவு சரியாக இருக்கும், போல்ட் ஓட்டைகள் பொருந்தும், மாட்டி இழுத்தால் நாக்கு கப்பைத் தொடாமல் காற்றில் சுற்றும். கப்பின் உள்விட்டம், நாக்கு உள்ளே இறங்கும் ஆழம் இரண்டையும் பழையதோடு ஒப்பிடுங்கள். பிரஷ் கட்டரில் 'ஈஸி ஸ்டார்ட்' என்று விற்கும் வகையில் இடையில் இன்னொரு ஸ்பிரிங் இருக்கும், அதன் பிடிப்புப் பாகமும் வேறு. சாதாரண வகைக்கு அதை மாட்ட வேண்டும் என்றால் இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும்.

மாட்டும்போது மூன்று போல்ட்டையும் முதலில் லேசாக விட்டு, கைப்பிடியை மெதுவாகப் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் இழுங்கள். நாக்கு கப்பைப் பிடித்ததும் மூடி தானாக நடுவுக்கு வரும். அந்த இழுவையிலேயே பிடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்குங்கள். மையம் தப்பிய செட் ஓடும்போது கரகரவென்று சத்தம் கொடுத்துக்கொண்டே நாக்கைத் தின்றுவிடும். ஜிஎக்ஸ் வகையில் இந்த மூடியை மூன்று திசையில் எதில் வேண்டுமானாலும் திருப்பி மாட்டலாம். கயிறு பிரேமில் உரசுகிறது என்றால் இதுவே இலவசத் தீர்வு.

செல்ப் ஸ்டார்ட், டிரில், வெறுங்கயிறு

ஜெனரேட்டரைச் செல்ப் ஸ்டார்ட்டாக மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பல் வளையம் உள்ள பிளைவீல், ஸ்டார்ட்டர் மோட்டார், சார்ஜிங் காயில், சாவி, பேட்டரி அத்தனையும் வேண்டும். கயிறு இழுக்கத் தோளோ முதுகோ இடம் கொடுக்காதவர்களுக்கு அது நியாயம். மற்றவர்களுக்கு அந்தப் பணத்தில் செல்ப் உள்ள மெஷினாக மாற்றிக்கொள்வதே மேல்.

பிளைவீல் நட்டில் சாக்கெட் போட்டு டிரில்லால் சுற்றும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. எஞ்சின் பற்றிக்கொண்ட நொடியில் அதன் வேகம் டிரில்லை முந்தும், மணிக்கட்டு முறுக்கும். வேண்டாம்.

மூடியைக் கழற்றிவிட்டுக் கப்பிலோ புல்லியிலோ கயிற்றைச் சுற்றி இழுப்பது அவசரத்துக்கு உதவும். பழைய மண்ணெண்ணெய் பம்ப் செட்டுகளை அப்படித்தான் ஓட்டினார்கள். முடிச்சு முனை பள்ளத்தில் மாட்டி, இழுத்ததும் தானாகக் கழன்று வர வேண்டும். கப்பில் கட்டிப்போடக் கூடாது, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. தோளில் தொங்கும் துண்டையும் மடித்துக் கட்டாத லுங்கியையும் சுழலும் பிளைவீல் இழுத்துக்கொள்ளும். மூடி இல்லாமல் ஓட்டினால் காற்றோடு வைக்கோல் தூசியும் உள்ளே போய்ச் சிலிண்டர் தகடுகளை அடைக்கும். அன்றைய வேலை முடிந்ததும் மூடியை மாட்டிவிடுங்கள்.

படகின் அவுட்போர்டு மோட்டாரில் இந்த வழி அவசரக் குறுக்குவழி அல்ல, கம்பெனியே விட்டுவைத்த ஏற்பாடு. பல மாடல்களில் பிளைவீல் விளிம்பில் அவசரக் கயிற்றுக்கென்றே ஒரு வெட்டு இருக்கும், கருவிப் பையில் கயிறும் வரும். கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரைப் பூட்டிவிடும் கேபிளும் அதில் உண்டு. கடலில் கயிறு அசையவில்லை என்றால் ஸ்பேனரைத் தேடும் முன் கியர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவசரக் கயிற்றில் இழுக்கும்போது அந்தப் பூட்டு வேலை செய்யாது. கியர் விழுந்திருந்தால் ஸ்டார்ட் ஆன கணமே படகு பாயும், நின்றுகொண்டு இழுத்தவர் தண்ணீரில் இருப்பார்.